படிப்பு முடிந்தது: டர்பனிலேயே இருப்பதா, கிளம்புவதா?

வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஊர் மாறுவதைப் பற்றி வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆள்சேர்ப்பு, வாடகை, வரி ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். வரிக் கணக்கெல்லாம் 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரி ஆண்டின் விகிதப்படி போட்டவை.

கேள்வி: க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். டர்பன் கம்பெனி ஒன்று மாதம் 14,500 ராண்ட் தருகிறது. ஜோஹானஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் ஒரு கம்பெனி 19,500 தருகிறது. அங்கே அறை வாடகை 5,500 ஆகுமாம். "ஐயாயிரம் கூடக் கிடைக்கிறதே, போ" என்கிறார் அப்பா. "வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இங்கேயே இரு" என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, முதலில் அப்பாவின் ஐயாயிரத்தைப் பார்ப்போம். அது முழுசாக உங்கள் கைக்கு வராது. மாதம் 14,500 என்றால் ஆண்டுக்கு 174,000 ராண்ட். 18 சதவீத வரி 31,320. எல்லாருக்கும் உண்டான அடிப்படைத் தள்ளுபடி 17,235 போனால் மீதி 14,085. அதாவது மாதம் 1,174. வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்புக்கு 145. கைக்கு வருவது சுமார் 13,180. இதே கணக்கை 19,500க்குப் போட்டால் மாத வரி 2,074, யு.ஐ.எஃப் உச்சவரம்பான 177, கைக்கு வருவது சுமார் 17,250. ஆக, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4,070 ராண்ட்தான். வாடகை மட்டுமே அதை விழுங்கிவிட்டு மேலும் 1,430 கேட்கிறது. சாப்பாடு, மின்சாரம், வண்டிச் செலவு இன்னும் கணக்கில் ஏறவே இல்லை. பணத்தை மட்டும் பார்த்தால் முதல் ஆண்டில் அம்மா சொல்வதே சரி.

கணக்கை முடிப்பதற்கு முன் இரண்டு கம்பெனியிடமும் ஒன்றைக் கேளுங்கள்: சொன்ன தொகை அடிப்படைச் சம்பளமா, 'காஸ்ட் டு கம்பெனி'யா? இரண்டாவதாக இருந்தால் ஓய்வூதிய நிதிக்கும் மருத்துவத் திட்டத்துக்கும் கம்பெனி கட்டும் பங்கும் அந்த 19,500க்குள்ளேயே அடங்கிவிடும். அப்போது நாம் மேலே போட்ட 17,250 இன்னும் இறங்கும். மாதிரிப் பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஒழுங்கான ஆள்சேர்ப்பு அலுவலகம் அனுப்பும். இதோடு இன்னொன்று. இதுவரை அப்பாவின் மருத்துவத் திட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால், வேலைக்குப் போனதும் அதிலிருந்து வெளியே வர வேண்டியிருக்கலாம். புதிய திட்டத்தில் சேர 90 நாளுக்கு மேல் விட்டுவிட்டால், மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை விலக்கும் விதிக்க அந்தத் திட்டத்துக்கு உரிமை உண்டு. ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் பணம். முதல் மாத வாடகை 5,500, டெபாசிட் 5,500, ஆக 11,000 ராண்ட் முன்கூட்டியே போய்விடும். மெத்தை, குளிர்ப் போர்வை, இரண்டு சட்டி, ஒரு மாதச் சாப்பாடு, வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 20,000 ராண்டுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இதற்கு வெளியே, தொடாமல் வைக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு: ஒரு மாத வாடகையும் டர்பனுக்குத் திரும்பும் பஸ் கட்டணமும். இது இல்லாதவர்கள்தான் கெட்ட வேலையையும் கெட்ட அறையையும் விட முடியாமல் மாதக்கணக்கில் சிக்கிக் கிடக்கிறார்கள். ஊர் மாறுவதில் எங்களுக்குப் பயமில்லை. திரும்பும் வழிக்குப் பணம் ஒதுக்காமல் மாறுவதுதான் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு மாதம் ஏதாவது கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதுங்கள். பிள்ளை வேறு ஊரில் இருந்தாலும் வீட்டில் அதை எதிர்பார்ப்பார்கள்.

இனிப் பணத்துக்கு அப்பால். உங்கள் துறையில் முதல் வேலையைவிட இரண்டாவது வேலைதான் சம்பளத்தைத் தூக்கும். ஆகவே, இரண்டு ஆண்டு கழித்து வீடு மாறாமலே வேறு எத்தனை கம்பெனியில் வேலை கேட்க முடியும் என்று பாருங்கள். பெரிய வங்கிகள், தொலைபேசிக் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் சாண்ட்டன், மிட்ராண்ட், ஜோஹானஸ்பர்க் நகர்ப் பகுதிகளில்தான் இருக்கின்றன. அந்த வகையில் மிட்ராண்டுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்த வேலை நிரந்தரமா, 12 மாத ஒப்பந்தமா? உங்களுக்குக் கற்றுக்கொடுக்க மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா, அல்லது நாள் முழுவதும் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கும் ஹெல்ப்டெஸ்க் வேலையா? நிரந்தர வேலை, முறையான பயிற்சி, ஆறாம் மாதமோ 12ஆம் மாதமோ சம்பள மறுபரிசீலனை என்று கடிதத்தில் எழுதியிருந்தால் கிளம்புங்கள். முதல் ஆண்டு நஷ்டத்தைப் படிப்புச் செலவாக எடுத்துக்கொள்ளலாம். 12 மாத ஹெல்ப்டெஸ்க் என்றால் டர்பனில் இரண்டு ஆண்டு அனுபவம் சேர்த்துக்கொண்டு போனால்தான் நல்லது. அப்போது நீங்கள் பேசும் சம்பளமே வேறாக இருக்கும்.

கேள்வி: என் மகன் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா முடித்தான். நண்பர்கள் எல்லாரும் ஜோபர்க் போகிறார்கள் என்று அவனும் துடிக்கிறான். தடுக்கலாமா?
– ஒரு தாய், பீனிக்ஸ்

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. துறைமுகத்தைக் காட்டுங்கள். நாட்டின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகம் டர்பனில் இருக்கிறது. கப்பல் முகவர்கள், சுங்கத் தரகர்கள், கிடங்குகள், ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனிகள், விமான நிலையத்தை ஒட்டிய டூபே ட்ரேட்போர்ட் சரக்கு வளாகம் எல்லாம் அவன் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில். சுங்க அனுமதி வேலையை அடியிலிருந்து கற்க இந்த நாட்டில் டர்பனைவிட நல்ல இடம் கிடையாது. மூன்று ஆண்டு கழித்து ஜோஹானஸ்பர்க்கில் சரக்குத் திட்டமிடல் வேலைக்குப் போனால் அந்த அனுபவத்துக்கு விலை உண்டு.

படிப்புக்குப் படிப்பு இது மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். வேதிப் பொறியியல் படித்த பிள்ளைக்கு டர்பனில் வாய்ப்பு சுருங்கிவிட்டது. எஞ்ஜென் சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது, சாப்ரெஃப் ஆலை 2022இல் நின்றது. அப்படிப் படித்தவர்கள் சாசோல் கம்பெனியின் ஆலைகள் இருக்கும் சகுண்டா, சாசோல்பர்க் பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கே போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரே ஒரு கம்பெனியை நம்பி நிற்பதால், அந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு மறுபடியும் ஊர் மாற வேண்டும். அத்தகைய இடத்தில் ஓராண்டுக்கு மேல் வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள், வீடும் வாங்காதீர்கள்.

கேள்வி: மகள் மருத்துவம் முடிக்கிறாள். இன்டர்ன்ஷிப் வேறு மாகாணத்தில் விழுந்தால் மறுத்துவிட்டு இங்கேயே இருக்கலாமா?
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: மருத்துவத்தில் இந்த முடிவு முழுக்க நம் கையில் இல்லை. இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், ஓராண்டு சமூகச் சேவை. இரண்டையும் முடிக்காமல் சுதந்திரமாகத் தொழில் செய்யும் பதிவு கிடைக்காது. இடம் ஒதுக்குவது தேசிய சுகாதாரத் துறை. மாகாண உதவித்தொகையில் படித்தவராக இருந்தால் அந்த மாகாணத்துக்கே கடமைப்பட்டவர். கிடைத்த இடத்தை மறுத்தால் அடுத்த சுற்றுவரை சம்பளமும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் காத்திருக்க நேரும். அதனால் மறுப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். வெளியே வீடு பார்த்து ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போன் செய்து டாக்டர்கள் குடியிருப்பில் இடம் உண்டா என்று கேளுங்கள். பல மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உண்டு. கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இரவுப் பணி முடித்து வரும் பெண்ணுக்கு அதுவே பாதுகாப்பு.

கேள்வி: வேலை எதுவும் கையில் இல்லை. கேப் டவுனுக்குப் போய்த் தங்கித் தேடினால் சீக்கிரம் கிடைக்குமா?
– வாசகி, டோங்காட்

பதில்: முதல் சுற்று நேர்காணல்கள் இப்போது பெரும்பாலும் வீடியோவிலேயே நடக்கின்றன. அதற்காக 1,600 கிலோமீட்டர் போய் வாடகை கொடுத்து உட்கார வேண்டியதில்லை. பெருநகரங்களிலேயே கேப் டவுனில்தான் வாடகை அதிகம். டிசம்பரில் விடுமுறைக்கு வருபவர்கள், ஜனவரி-பிப்ரவரியில் மாணவர்கள் என்று ஆண்டின் தொடக்கத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். பேஸ்லிப் இல்லாதவருக்கு வீட்டு முகவர்கள் கொடுக்கவும் தயங்குவார்கள்.

டோங்காட்டிலிருந்தே செய்ய வேண்டியவற்றை முதலில் முடியுங்கள். இளைஞர்களுக்கான வேலை தேடும் தளமான எஸ்.ஏ.யூத்தில் பதிவு செய்யுங்கள். மொபைல் டேட்டா செலவில்லாமல் திறக்கும். பெரிய கம்பெனிகளின் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆட்களை முந்தைய ஆண்டின் நடுவிலேயே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடும், ஆகவே நவம்பரில் தேடத் தொடங்கினால் பாதி கதவு மூடியிருக்கும். விண்ணப்பத்தில் "கேப் டவுனுக்கு மாறத் தயார், வேலை உறுதியான மூன்று வாரத்தில் வந்து சேர்வேன்" என்று மேலேயே ஒரு வரி எழுதுங்கள். முகவரியில் டர்பனைப் பார்த்ததும் ஒதுக்கிவைப்பவர்கள் அந்த வரிக்காக நிதானிப்பார்கள். இரண்டாம் சுற்றுக்கு நேரில் அழைத்தால் மட்டும், இருவரிடமாவது நேர்காணல் தேதி வாங்கிக்கொண்டு, திரும்பும் டிக்கெட்டோடு இரண்டு வாரம் போய் வாருங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு, சீருடைக்குப் பணம் அனுப்பு என்று யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். வேலை தேடுபவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வெளியூர் வேலை என்ற பெயரில்தான் இந்த மோசடி அதிகம் நடக்கிறது, ஏனென்றால் ஏமாந்தவர் நேரில் போய்க் கேட்க முடியாது.

கேள்வி: ஜோஹானஸ்பர்க்கில் வேலை உறுதியாகிவிட்டது. வீடு எடுப்பதில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? போன ஆண்டு போன என் தோழிக்கு டெபாசிட் திரும்பி வரவே இல்லை.
– வாசகி, வெருலம்

பதில்: இதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் முதல் ஆண்டில் பணம் போகும் பெரிய ஓட்டை இதுதான்.

பார்க்காத வீட்டுக்கு டெபாசிட் அனுப்பாதீர்கள். படத்தில் அழகான ஃபிளாட், சந்தை வாடகையைவிடக் குறைவு, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்றால் அது மோசடி. நீங்கள் போக முடியாவிட்டால் லெனேசியாவிலோ பெனோனியிலோ உள்ள உறவினர் ஒருவரை நேரில் பார்த்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். வீட்டு முகவர் மூலம் எடுத்தால் அவருடைய ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் தொழில் செய்ய அவருக்கு அனுமதி கிடையாது.

விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை, மூன்று மாதப் பேஸ்லிப், மூன்று மாத வங்கி அறிக்கை கேட்பார்கள். புதிதாகச் சேர்பவரிடம் பேஸ்லிப் இருக்காது. சம்பளம், சேரும் தேதி, நிரந்தரமா என்பதெல்லாம் எழுதிய வேலைக் கடிதத்தைக் கொடுங்கள். போதாது என்றால் அப்பாவையோ அம்மாவையோ ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்து சும்மா இல்லை. நீங்கள் கட்டத் தவறினால் அவருடைய சம்பளத்தின் மேலேயே கடன் ஏறும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போடச் சொல்ல வேண்டும். வாடகை உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பல முகவர்கள் விண்ணப்பத்தையே எடுக்க மாட்டார்கள். மாணவர் காலத்துக் கடைக் கணக்கு, செல்போன் ஒப்பந்தம் ஏதாவது பாக்கி இருந்தால் கடன் அறிக்கையில் தெரியும். கடன் பதிவு நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அதை வாங்கிப் பார்த்து, பாக்கியை அடைத்துவிடுங்கள்.

இனி உங்கள் தோழியின் டெபாசிட். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, டெபாசிட்டை வட்டி கிடைக்கும் கணக்கில் போட வேண்டும்; வட்டியும் குடியிருப்பவருக்கே. குடிபுகும்போது இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலி செய்யும்போதும், ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதேபோல் பார்க்க வேண்டும். சேதம் இல்லையென்றால் ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். சேதம் இருந்தால் பழுது பார்த்த ரசீதுகளோடு, மீதியை 14 நாளில் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பார்க்க அழைத்தும் நீங்கள் போகவில்லையென்றால் அது 21 நாளாகும். வீட்டுக்காரர் சோதனைக்கு வரவே இல்லையென்றால் வீடு நல்ல நிலையில் இருந்தது என்று அவர் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, முழு டெபாசிட்டையும் கொடுத்தாக வேண்டும். பணம் போகிறவர்கள் பெரும்பாலும் குடிபுகும் நாளில் சாமான் இறக்கும் அவசரத்தில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டவர்கள்தான். முதல் நாளே குளியலறைச் சுவர், அடுப்பு, கதவுப் பூட்டு, தரை விரிப்புக் கறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தகராறு வந்தால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றவோ உங்களை வெளியேற்றவோ எந்த வீட்டுக்காரராலும் முடியாது.

ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் வழியையும் இப்போதே பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, 20 வேலை நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து வெளியேறலாம். நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும் கேட்கலாம், மீதி மாத வாடகை முழுவதையும் கேட்க முடியாது. தன் வீட்டு அவுட்பில்டிங்கில் ஒரே ஒரு அறையை விடுபவர், இது தன் தொழிலல்ல, அந்தச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆகவே அதே 20 வேலை நாள் வரியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தோழிகளோடு பகிர்ந்து எடுத்தால், எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கும்போது ஒருத்தி பாதியில் போனாலும் முழு வாடகையையும் மற்றவர்களிடமே கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே மேல்.

அறையைப் பார்க்கப் போகும்போது மின்சார மீட்டர் நகராட்சியுடையதா, தனியார் சப்-மீட்டரா என்று கேளுங்கள். தனியார் என்றால் மின்சாரத்துக்கு முன்பணம் கட்டி டோக்கன் வாங்கும் ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணம் பிடிக்கலாம். குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு ஜோஜோ தொட்டி உண்டா என்றும் கேளுங்கள். ஜோஹானஸ்பர்க்கின் பல பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வராமல் போகிறது. வெருலத்துக்காரரான உங்களுக்கு இந்தத் தொல்லையை விளக்கத் தேவையில்லை. குளிரைத்தான் நம் ஊர்க்காரர்கள் மதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஜூன், ஜூலை இரவுகள் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். சீலிங் இல்லாத தகரக் கூரை அறை கோடையில் மலிவாகத் தெரியும், ஆனால் 2,000 வாட் ஹீட்டரை ஐந்து மணி நேரம் போட்டால் ஒரே இரவில் பத்து யூனிட் போய்விடும். மின்சாரப் போர்வை அதில் சிறு பங்குதான் எடுக்கும்.

கேள்வி: பேத்தி ஜோஹானஸ்பர்க் போகிறாள். அங்கே கோயில் உண்டா? புரட்டாசியில் பிள்ளை என்ன சாப்பிடுவாள்?
– ஒரு ஆயா, மெரிபாங்க்

பதில்: கவலைப்படாதீர்கள், ஆயா. மெல்ரோஸில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது; சாண்ட்டன், ரோஸ்பாங்க் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அது கிட்ட. லெனேசியாவிலும் தமிழ்க் கோயில்கள் உண்டு, காவடியும் எடுக்கிறார்கள். ப்ரிட்டோரியாவில் மராபஸ்டாட் மாரியம்மன் கோயில் நூற்றாண்டைத் தாண்டியது. நாளைக்கு அவள் கேப் டவுன் போனாலும் ரைலண்ட்ஸில் சிவாலயம் இருக்கிறது. மசாலாப் பொடி, பருப்பு, கறிவேப்பிலைக்கு ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவும் லெனேசியாக் கடைகளும் போதும். புரட்டாசி ஒரு மாதமும் கறி, மீன் தொடாமல் இருக்க அவளுக்குத் தனி அடுப்பு வேண்டும். பகிர்ந்து எடுக்கும் வீட்டில் சமையலறைப் பாத்திரம் பொதுவாக இருந்தால் சங்கடம் வரும், ஆகவே வீடு பார்க்கும்போதே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு ஹாட்பிளேட், இரண்டு சட்டி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் அவள் பெயரில் தனியாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஊர் மாறுவது என்றாலே நெஞ்சு பதறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். டர்பன் மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் அந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். அன்று அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்று பேத்தி தானே பார்த்து, கணக்குப் போட்டு, வேண்டாமென்றால் திரும்பவும் முடிகிற நிலையில் போகிறாள். அந்த உரிமை அவளுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு மனம் நிறைந்த சந்தோஷம்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பதற்காக லெனேசியாவில் தங்கி மிட்ராண்டில் வேலை பார்க்கத் திட்டமிட வேண்டாம். நகரின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குத் தினமும் காலை மாலை நெரிசலில் போய்வர வேண்டியிருக்கும். முதல் மாதம் உறவினர் வீடு, பிறகு கௌட்ரெயின் விரைவு ரயில் நிலையத்துக்கோ அதன் பஸ் பாதைக்கோ கிட்ட ஓர் அறை, அல்லது அதே அலுவலகத்தார் ஒரே காரில் செலவைப் பகிர்ந்து போய்வரும் லிஃப்ட் கிளப். காரை முதல் மூன்று மாதம் வாங்க வேண்டாம். தவணையைவிட இன்ஷூரன்ஸ்தான் அதிர்ச்சி தரும். 25 வயதுக்குக் கீழே பிரீமியம் அதிகம், இரவில் கார் நிற்கும் முகவரியைப் பொறுத்தும் அது மாறும். டர்பன் முகவரியையே கொடுத்துவிட்டு ஜோஹானஸ்பர்க்கில் நிறுத்தினால், திருட்டுப் போகும் நாளில் கம்பெனி பணம் தர மறுக்கலாம். வீட்டிலிருந்து கார் எடுத்துப் போனால் முகவரி மாற்றத்தை 21 நாளுக்குள் வண்டிப் பதிவு அலுவலகத்திலும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: எட்டு மாதமாக சாண்ட்டனில் வேலை. பிடிக்கவில்லை. கம்பெனி 15,000 ராண்ட் இடமாற்றப் பணம் கொடுத்தது. டர்பனுக்குத் திரும்பினால் என்ன இழப்பேன்?
– வாசகர், முன்பு ஐசிபிங்கோ

பதில்: ஒப்பந்தத்தில் திருப்பிச் செலுத்தும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். "12 மாதத்துக்குள் விலகினால்" என்று மட்டும் இருந்தால் முழு 15,000த்தையும் கேட்பார்கள். 'மாத விகிதப்படி' என்று இருந்தால் மீதி நான்கு மாதத்துக்கு 5,000 ராண்ட்தான். எழுத்தில் நீங்கள் சம்மதம் தராமல் கடைசிச் சம்பளத்தில் அதைப் பிடிக்க முடியாது. முழுத் தொகை என்று இருந்து, பொறுக்க முடிகிற வேலையாகவும் இருந்தால், நான்கு மாதம் இருந்துவிட்டு விலகுவது லாபம். மேலாளர் கத்துகிறார், உடம்பு கெடுகிறது என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தவணையில் கட்டக் கேட்டால் பல கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி முன்னறிவிப்பு இரண்டு வாரம். ஓராண்டு ஆகிவிட்டால் நான்கு வாரம். ஒப்பந்தம் இதைவிட நீளமாகக் கேட்கலாம், ஆனால் கம்பெனி தான் கொடுக்கும் முன்னறிவிப்பைவிட நீளமாக உங்களிடம் கேட்க முடியாது. எடுக்காத ஆண்டு விடுப்புக்குப் பணம் வர வேண்டும். வீட்டு ஒப்பந்தத்தின் 20 வேலை நாள் முன்னறிவிப்பு ஏறக்குறைய நான்கு வாரம் ஆவதால், வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்காரருக்கு எழுதினால் ஒரு மாத வாடகை வீணாகாது.

தானாக விலகுபவருக்கு யு.ஐ.எஃப் வேலையின்மைப் பணம் கிடைக்காது. கம்பெனி ஆட்குறைப்புச் செய்தாலோ ஒப்பந்தக் காலம் முடிந்தாலோ கிடைக்கும். ஆட்குறைப்புப் பேச்சு அலுவலகத்தில் அடிபடுகிறதென்றால் அவசரப்பட்டு விலகல் கடிதம் நீட்டாதீர்கள். ஓய்வூதிய நிதியில், 2024 செப்டம்பர் 1 முதல் நடக்கும் இரண்டு பானை முறைப்படி, போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானையில் இருக்கும். அதை எடுத்தால் உங்கள் வரி விகிதத்திலேயே வரி பிடிப்பார்கள். மற்ற இரண்டு பங்கை ஓய்வுவரை தொட முடியாது, புதிய கம்பெனியின் நிதிக்கு மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் முன் பணிச் சான்றிதழ், யு.ஐ.எஃப்புக்குரிய யு.ஐ-19 படிவம், கடைசி மூன்று பேஸ்லிப் மூன்றையும் கையில் வாங்கிவிடுங்கள். டர்பனில் அடுத்த கம்பெனி முதலில் கேட்பது இவற்றைத்தான், 570 கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகு அவற்றைக் கேட்டு வாங்க மாதங்கள் ஆகும்.